மெத்தைக்கு அடியில் தண்ணீர்

மலைக்குப் போன முதல் குளிர்காலத்தின் ஆறாவது வாரம். காலையில் படுக்கையை உதறிப் போடலாம் என்று மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கினேன். அடியில் இருந்த பிளைவுட் பலகை கறுத்துப் போயிருந்தது. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டியது. மெத்தையின் அடித்துணி முழுக்கச் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் பூஞ்சை. கூரை எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்து நானும் கணவரும் அரை நாள் ஏணியோடு அலைந்தோம். கூரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அந்தத் தண்ணீர் முழுவதும் நாங்கள் தூங்கும்போது விட்ட மூச்சு.

அது ஆயத்தமாக வாங்கிய சக்கர வீடு, டிரெய்லர்மேல் கட்டி வண்டியால் இழுத்துப்போகிற சின்ன வீடு. கட்டியவர் பெயர் இங்கே வேண்டாம். சமவெளியில், மிதமான குளிரில், அது நல்ல வீடாகவே இருந்திருக்கும். நாங்கள் நிறுத்தியது 2,000 மீட்டர் உயரத்தில். இரவில் வெளியே மைனஸ் 15 டிகிரி. இரண்டு குளிர்காலம் அதில் தாக்குப்பிடித்தோம். அப்புறம் அதை விற்றுவிட்டு, எங்களுக்கென்று ஒன்றை நானே வரைய உட்கார்ந்தேன். பதினான்கு மாதம் வரைந்தேன், அண்ணன் ஏழு மாதத்தில் கட்டினான். அண்ணன் தச்சர். நான் வேலையில் வரைபடம் போடுகிறவள் என்றாலும் அதுவரை வரைந்ததெல்லாம் அடுத்தவர்களின் வீடு.

மலையில் வாழச் சக்கர வீடு வரைகிற எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு தடிமனுக்கு வெப்பக்காப்பு வைக்க வேண்டும், எந்த அடுப்பு வாங்க வேண்டும் என்பதுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். அது தவறான தொடக்கம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். இவ்வளவு சின்ன வீட்டைச் சூடாக்குவது சுலபம். உலர்வாக வைப்பதுதான் கடினம். முதலில் எழுத வேண்டிய கணக்கு தண்ணீர்க் கணக்கு.

என் கணக்கை இங்கே போடுகிறேன். புது வீட்டின் உள்ளே காற்று நிற்கும் இடம் 33 கன மீட்டர். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். வீட்டில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், மொத்தக் காற்றிலும் இருப்பது 285 கிராம் போல. இன்னொரு 285 கிராம் சேர்ந்தால் காற்று நிறைந்துவிடும். தூங்கும் ஒரு ஆள் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 40, 45 கிராம் நீராவி விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம்: 700 கிராம். அதாவது காற்றில் மிச்சம் இருக்கும் இடத்தைப்போல இரண்டரை மடங்கு தண்ணீரை ஒரே இரவில் நாங்கள் வெளியே விடுகிறோம். 250 கன மீட்டர் உள்ள சாதாரண வீட்டில் இதே 700 கிராம் வந்ததே தெரியாது, அங்கே இன்னும் இரண்டு லிட்டருக்கு இடம் இருக்கும். சின்ன வீட்டில் அதற்குப் போக்கிடம் இல்லை. வீட்டிலேயே குளிர்ந்த இடம் எதுவோ அதைத் தேடிப்போய் உட்கார்ந்துவிடும்.

20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றுக்குப் பனிநிலை 9 டிகிரி. 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் ஈரம் படியும். பழைய வீட்டில் மெத்தைக்கு அடியில் இருந்த பலகை அப்படிப்பட்ட பரப்பு. மெத்தையே ஒரு நல்ல வெப்பக்காப்பு ஆயிற்றே, அறையின் சூட்டைப் பலகைக்குப் போகவிடாமல் அது தடுத்துவிட்டது. பலகைக்குக் கீழே சூடில்லாத சாமான் பெட்டி. மேலேயிருந்து எங்கள் உடம்பின் ஈரம் மெத்தை வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு அது படுக்கைப் பலகை, இறங்கிய தண்ணீருக்கோ அது ஏந்தும் தட்டு.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நாட்களில் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது ஒரு கப்பல். நார்வேக்காரர் நான்சன் 1893-இல் ஆர்க்டிக் பனிக்கட்டியில் வேண்டுமென்றே சிக்கிக்கொள்வதற்காகக் கட்டி எடுத்துப்போன ஃபிராம். அதற்கு முன்பு வடக்கே போன கப்பல்களில் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து, படுக்கையில் வழிந்து, மெத்தைகள் உறைந்த பனிக்கட்டியாகவே ஆகிவிடுவது வழக்கம் என்று அவர் எழுதியிருக்கிறார். அதனால் ஃபிராமின் சுவரில் தார் பூசிய கம்பளி, தக்கை, மரப்பலகை, மறுபடியும் தடித்த கம்பளி என்று வரிசையாக அடுக்கி, கடைசி உள்பலகைக்கு முன்னால் காற்றுப் புகாத லினோலியம் விரிப்பு ஒன்றை வைத்தார்கள். அந்த விரிப்பு இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். சூடான பக்கத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரக் காற்று கம்பளியை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடும். இன்று நாம் நீராவித் தடுப்புத் தாள் என்று சுருளாக வாங்குவது அதே வேலையைத்தான் செய்கிறது. அவர்களுக்கும் மெத்தைதான் பிரச்சினையாக இருந்தது என்று படித்த இரவு, என் வரைபடத்தில் இருந்த சுவரை முழுதாக அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன்.

புதுச் சுவர் உள்ளிருந்து வெளியே இப்படி: 9 மில்லிமீட்டர் பிளைவுட், அதன் பின்னால் நீராவித் தடுப்புத் தாள், 89 மில்லிமீட்டர் மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே ராக்வூல் என்னும் கல் இழைக் காப்பு, சட்டங்களுக்கு வெளியே இடைவெளியே இல்லாமல் 40 மில்லிமீட்டர் மர நார்ப் பலகை, அப்புறம் ரீப்பர் அடித்து 20 மில்லிமீட்டர் காற்று இடைவெளி, கடைசியில் நெளி தகரம். வெளிப்பக்கம் ஏன் தெர்மோகோலோ, எக்ஸ்.பி.எஸ் என்னும் அடர்ந்த நுரை அட்டையோ இல்லை என்று அண்ணன் கேட்டான். அதே தடிமனில் அவை இன்னும் நன்றாகச் சூட்டைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் அவை நீராவியை அவ்வளவாக வெளியே விடாது. உள்ளே ஒரு தடுப்பு, வெளியே ஒரு தடுப்பு என்றால், தாளில் எங்கேயோ ஒரு ஆணி ஓட்டை வழியாக நுழைந்த ஈரம் நடுவில் மாட்டிக்கொள்ளும். சக்கர வீடு சாலையில் ஓடும்போது குலுங்கும், முறுக்கிக்கொள்ளும், எந்தத் தாளும் எந்த டேப்பும் பத்து வருடம் ஓட்டையே இல்லாமல் இருக்காது. ஆகவே உள்பக்கம் நன்றாக அடைத்து, வெளிப்பக்கம் மூச்சுவிட வைத்தேன். நுழைந்த ஈரத்துக்கு வெளியேறும் வழி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

சுவர் தடிமனாக ஆக வீடு சுருங்கும். ஐரோப்பாவில் சாலையில் போகும் வண்டிக்கு அகலம் 2.55 மீட்டர், உயரம் 4 மீட்டர். அமெரிக்காவில் அகலம் 102 அங்குலம், அதாவது 2.6 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் பல மாநிலங்களில் பதின்மூன்றரை அடி. நான் சின்ன எண்ணை எடுத்துக்கொண்டேன். இரண்டு பக்கச் சுவருக்குமே 36 சென்டிமீட்டர் போய்விட்டது, உள் அகலம் 2.19 மீட்டர். பழைய வீட்டைவிட ஒரு சாண் குறைவு. தரையில் டேப் ஒட்டி, அட்டைப்பெட்டிகளை அடுப்பாகவும் மேசையாகவும் அடுக்கி, இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்குள் நடந்து பார்த்தோம். ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் பின்னால் கடந்துபோக 65 சென்டிமீட்டர் போதும், கனமான கோட்டு போட்டிருந்தால் போதாது. அதனால் கோட்டு மாட்டும் இடம் கதவுக்குப் பக்கத்திலேயே வந்தது. இப்படி நடந்து பார்க்காமல் ஒரு சென்டிமீட்டரைக்கூட முடிவு செய்யாதீர்கள்.

இனி அடித்தளம். பழைய வீட்டில் தரையை டிரெய்லரோடு பிணைத்த போல்ட்டுகளின் தலை தரைக்குமேல் தெரியும். குளிர்காலக் காலைகளில் அந்தத் தலைகள் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும். வெளியே மைனஸ் 15-இல் நிற்கும் இரும்புச் சட்டம், அதிலிருந்து நேராக என் பாதத்துக்கு அருகே வரும் இரும்பு. மரத்தைவிட இரும்பு ஏறக்குறைய 400 மடங்கு சுலபமாகச் சூட்டைக் கடத்தும். பதினெட்டு போல்ட்டுகள், பதினெட்டு குளிர்க் குழாய்கள். புது வீட்டில் ஒரு போல்ட்கூட வெப்பக்காப்பைத் துளைத்து உள்ளே வரக் கூடாது என்று விதி வைத்தேன். டிரெய்லர் சட்டத்துக்குமேல் இடைவெளியில்லாமல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ், அதன்மேல் மரத்தில் தரைச் சட்டகம், அதன் நடுவே மறுபடியும் ராக்வூல். வீட்டை வண்டியோடு கட்டும் இரும்புக் காதுகளை டிரெய்லரின் வெளி ஓரத்தில் வெல்டிங் செய்து, மரச்சட்டகத்தின் வெளிப்பக்கமே போல்ட் போட்டோம். வெல்டர் இதை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் போகும்போது வீட்டின்மீது அடிக்கும் காற்று புயல் காற்றுக்குச் சமம், நடுவில் பிடி இல்லாமல் எப்படி என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். காதுகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி, மூலைகளில் தடித்த தகடு வைத்து, ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் கணக்குப் பார்த்த பிறகே தொடர்ந்தோம்.

படுக்கையைப் பற்றி எங்களுக்குள் நடந்த வாக்குவாதம் பெரியது. சக்கர வீடு என்றாலே எல்லோர் மனதிலும் பரண்மேல் படுக்கை. கணவருக்கும் அது வேண்டும் என்று ஆசை.

"ஏணி ஏறிப் போய்ப் படுக்கறதுல ஒரு சந்தோஷம் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா நம்ம மூச்சு எல்லாம் மேலதானே போய் நிக்குது?"

பழைய வீட்டின் பரணில் ஒரு வெப்பமானியும் தரையில் ஒன்றும் வைத்து அளந்த நோட்டை அவரிடம் காட்டினேன். மேலே 26 டிகிரி, கீழே 14. சமைத்த ஆவி, குளித்த ஆவி, இரண்டு பேர் மூச்சு எல்லாம் அந்த மேல்மூலையில் சேர்கிறது. தலையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வீட்டின் மிகக் குளிர்ந்த கூரை. அங்கே படுத்தால் மெத்தைக்கு மறுபடியும் அதே கதிதான். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், "சரி, கீழேயே இருக்கட்டும், ஆனா ஜன்னல் என் பக்கம்" என்றார். புதுப் படுக்கை 75 சென்டிமீட்டர் உயர மேடைமேல் இருக்கிறது. பலகைக்குப் பதில் விரல் நுழையும் இடைவெளி விட்டு வைத்த ரீப்பர்கள். மேடைக்குக் கீழே சாமான் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி அகலம் காற்றுக்கு விட்டிருக்கிறேன், முன்பக்கக் கதவுகளிலும் துளைகள் உண்டு. பரண் இல்லாததால் எடையில் 110 கிலோ மிச்சம்.

அடைப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் காற்றோட்டம் தேவை. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். "இவ்வளவு பாடுபட்டு ஓட்டையெல்லாம் அடைச்சிட்டு, நீயே சுவர்ல ஓட்டை போடறியே" என்று அண்ணன் துளை போடும்போது வருத்தப்பட்டான். ஆனால் மைனஸ் 15-இல் இருக்கும் வெளிக்காற்றில் கன மீட்டருக்கு ஒன்றரை கிராம் ஈரம்கூட இல்லை. அதை உள்ளே கொண்டுவந்து சூடாக்கினால் மிகமிக உலர்ந்த காற்று. வீட்டிலிருந்து வெளியேறும் காற்று ஒவ்வொரு கன மீட்டரிலும் எட்டரை கிராமோடு போகிறது, உள்ளே வருவது ஒன்றரை கிராமோடு வருகிறது. ஒரு கன மீட்டர் மாற்றினால் 7 கிராம் தண்ணீர் குறையும். தூங்கும் இருவரின் ஈரத்துக்கு மட்டும் மணிக்கு 13 கன மீட்டர். சமையல், குளியல், காயப்போட்ட துணி எல்லாம் சேர்த்து 30 என்று வைத்தேன். வெறும் ஓட்டை என்றால் அந்த 30 கன மீட்டரோடு சுமார் 300 வாட் சூடு போய்விடும். ஆகவே இரண்டு சுவர்களில் எதிரெதிரே ஜோடி விசிறிகள் வைத்தோம். ஒவ்வொன்றுக்குள்ளும் தேன்கூடு போல ஒரு பீங்கான் கட்டி. ஒரு நிமிடம் போல ஒன்று காற்றை வெளியே தள்ளும், அப்போது பீங்கான் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு திசை மாறி, வெளிக்காற்று அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வரும். சூட்டில் பெரும் பங்கு வீட்டிலேயே தங்கிவிடுகிறது, ஈரம் போகிறது. எங்கள் வீட்டில் ஓடாமல் நின்றுபோனால் உடனே தெரிகிற ஒரே இயந்திரம் இதுதான். பகலில் அணைத்தால் மாலைக்குள் ஜன்னல் ஓரம் மூட்டம் போடும்.

இத்தனைக்குப் பிறகு சூட்டுக் கணக்கு என்ன ஆயிற்று என்றால், உள்ளே 20, வெளியே மைனஸ் 15 என்ற நிலையில் வீடு இழப்பது 1.3 கிலோவாட். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து ஒரு டிகிரிக்கு 25 வாட், 4 சதுர மீட்டர் ஜன்னல் 6 வாட், காற்றில் போவது 5, 6 வாட், அதை 35 டிகிரி வித்தியாசத்தால் பெருக்கினால் வருவது. ஒரு சாதாரண ஹேர் டிரையர் அளவு. இதற்குக் கடையில் அழகாக இருக்கிறதே என்று 7 கிலோவாட் விறகடுப்பு வாங்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அரை மணியில் வீடு தாங்காது, காற்றைக் குறைத்து அடுப்பைப் புகைய விடுவார்கள், புகைபோக்கிக்குள் தார் படியும், ஒரு நாள் அது தீப்பிடிக்கும். நாங்கள் வைத்தது மிகச் சின்ன விறகடுப்பு ஒன்று, எரியும் காற்றைத் தரைக்கு அடியிலிருந்து தனிக் குழாயில் எடுத்துக்கொள்கிறது. இரவுக்கும் நாங்கள் இல்லாத நாட்களுக்கும் சுவரில் 2 கிலோவாட் புரொப்பேன் ஹீட்டர், ஹீட்டருக்குள்ளேயே மூடிய பெட்டியில் எரிந்து புகையை வீட்டுக்கு வெளியே விடும் வகை. புகைக்குழாய் இல்லாத எரிவாயு ஹீட்டரைத் தயவுசெய்து உள்ளே கொண்டுவராதீர்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் பிறக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஆபத்து அதற்கும் மேலே. எந்த அடுப்பாக இருந்தாலும் படுக்கைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கண்டிப்பாக வேண்டும்.

சிலிண்டர் வாங்கும்போது உள்ளே இருப்பது என்ன என்று கேளுங்கள். பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். கலவை சிலிண்டரில் குளிரில் புரொப்பேன் முதலில் தீர்ந்து, பியூட்டேன் அடியில் திரவமாகவே கிடக்கும். சிலிண்டர் கனக்கும், அடுப்பு எரியாது.

உயரத்தை நான் முதலில் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வீட்டில் இரண்டாவது குளிர்காலத்தில் பெரிய ஜன்னலின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மூட்டம் விழுந்தது, துடைக்கவே முடியாத இடத்தில். தாழ்வான ஊரில் செய்து அடைத்த இரட்டைக் கண்ணாடி அது. 2,000 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே அடைபட்ட வாயு கண்ணாடியை இருபக்கமும் பிதுக்கி, ஓர அடைப்பை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஜன்னலில் தெரியும் மரங்கள் வளைந்து தெரிவதை நான் முதல் மாதமே கவனித்தேன், காரணம் தெரியவில்லை. இந்த முறை வீடு நிற்கப்போகும் உயரத்தைச் சொல்லி ஜன்னல் செய்யச் சொன்னேன். அழுத்தம் சமமாவதற்கு ஓரத்தில் ஊசிபோல ஒரு நுண்குழாய் வைத்து, அதன் வழியாகக் காற்று சரிப்பட விடுகிறார்கள். அந்தக் குழாய் திறந்திருந்தால் ஆர்கான் வாயு நிற்காது, சாதாரணக் காற்றுதான் இருக்கும், காப்பு கொஞ்சம் குறையும். மூன்று கண்ணாடி வைக்கலாமே என்று தோன்றும். 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ. நான் இரண்டோடு நிறுத்திவிட்டு, உள்பக்கம் இரவில் பொருத்தும் கம்பளி அட்டைகள் தைத்தேன். அட்டையை ஓரத்தில் இறுக்கமாக ஒட்டவைக்காவிட்டால் அதன் பின்னால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து, காலையில் தண்ணீராக வழியும். காந்தப்பட்டை தைத்த பிறகு சரியாயிற்று.

உயரத்தால் அடுப்பும் ஹீட்டரும் மந்தமாகும், ஆக்சிஜன் குறைவதால். உயரத்துக்கேற்ப மாற்றி அமைக்கக்கூடியதா என்று கேட்டே வாங்க வேண்டும். தண்ணீரும் இங்கே 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. எதுவும் வேக அதிக நேரம், அதிக நேரம் என்றால் அதிக ஆவி. மூடியுள்ள பாத்திரமும் குக்கரும் எங்களுக்குக் காற்றோட்டக் கணக்கில் சேரும். குக்கரைத் தானாக ஆறவிட்டே திறக்கிறோம்.

எடை. டிரெய்லரின் மொத்த எல்லை 3,500 கிலோ, ஐரோப்பாவில் கார் வகை வண்டிகள் இழுக்கக்கூடிய டிரெய்லருக்கு அதுதான் உச்சம். என் முதல் பட்டியல் 3,900 காட்டியது. ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. உள்பலகையை 12 மில்லிமீட்டரிலிருந்து 9 ஆக்கியதில் 100 கிலோ போனது, பரணில் 110 போனது, சமையல் மேடைக்கு நினைத்திருந்த கருங்கல் போனது, ஒரு ஜன்னல் போனது. கடைசி 60 கிலோவுக்கு அலமாரிக் கதவுகளையே எடுத்துவிட்டுத் துணித்திரை போட்டேன். கதவில்லாத அலமாரியில் பூஞ்சை பிடிப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கட்டும்போது மூன்று முறை எடை மேடைக்குக் கொண்டுபோனோம். மொத்த எடை மட்டும் பார்த்தால் போதாது, இழுக்கும் வண்டியின் கொக்கியில் எவ்வளவு அழுத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். பின்பக்கம் கனமாக இருந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், மலையிறக்கத்தில் அதை நிறுத்த முடியாது. அடுப்பு, பேட்டரி, தண்ணீர்த் தொட்டி மூன்றையும் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வைத்தேன். பயணத்தில் தொட்டி காலி.

கூரையில் பனி எவ்வளவு கனக்கும் என்பதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 சதுர மீட்டர் கூரை, 40 சென்டிமீட்டர் படிந்த பனி, கன மீட்டருக்கு 250 கிலோ. ஒன்றரை டன். 4 மீட்டர் உயர எல்லைக்குள் பனி தானாகச் சறுக்கும் அளவு செங்குத்தான கூரை எனக்குக் கிடைக்கவில்லை, 12 டிகிரி சாய்வுதான். எனவே சறுக்கவிடும் கூரையை விட்டுவிட்டு, தாங்கி நிற்கும் கூரையாகவே வரைந்தேன், அருகருகே சட்டங்கள், நடுவில் ஒரு மறைவுத் தூண். சோலார் தகடுகளையும் கூரையில் வைக்கவில்லை. பனியில் புதைந்த தகடு கடுகளவுகூட மின்சாரம் தராது. தெற்குச் சுவரிலேயே செங்குத்தாக மாட்டினோம். குளிர்கால வெயில் தாழ்வாக வருவதாலும், தரைப்பனி ஒளியைத் திருப்பி அடிப்பதாலும் அது நன்றாகவே வேலை செய்கிறது. பேட்டரி லித்தியம் வகை என்பதால் வீட்டுக்குள்ளே. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் அது நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

தண்ணீர்க் குழாய் ஒன்றுகூட வெளிச்சுவருக்குள் ஓடவில்லை, எல்லாம் அறைக்குள் கண்ணுக்குத் தெரியும்படி ஓடுகிறது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும், அதற்கு எந்த இணைப்பும் தாங்காது. எல்லாக் குழாயும் ஒரே மூலைக்குச் சரிகிறது, அங்கே ஒரு வால்வு. ஊருக்குப் போகிற நாளில் அதைத் திறந்தால் ஆறு நிமிடத்தில் வீடு முழுக்கக் காலி. தண்ணீர் ஓடும் குழாய்களில் கழிவுநீர்க் குழாய் மட்டும்தான் தரையைத் துளைத்துக் கீழே போகிறது, செங்குத்தாக, எங்கேயும் தேங்காமல். கழிப்பறை தண்ணீரே இல்லாத, சிறுநீரைத் தனியே பிரிக்கும் வகை.

புது வீட்டில் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. மைனஸ் 19 வரை இறங்கிய ஒரு வாரத்திலும் ஈரப்பதம் 45-க்கும் 55-க்கும் நடுவிலேயே நின்றது. ஞாயிறுதோறும் மெத்தையைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் எனக்குப் பழக்கமாக இருக்கிறது. ரீப்பர்கள் புதிதாக இழைத்த நிறத்திலேயே இருக்கின்றன.

ஆனால் கதவு சரியில்லை. பூட்டின் இரும்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே துண்டாகப் போகிறது. காலையில் உள் கைப்பிடியைச் சுற்றி அதே வெள்ளைப் பூ. போல்ட்டுகளுக்கு விதி வைத்த நான் பூட்டை மறந்துவிட்டேன். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பூட்ஸில் ஒட்டிய பனி வேறு உள்ளே வருகிறது. போன வாரம் இரண்டு ஜோடி பூட்ஸையும் வந்தவுடன் ஒரு முறை, காய்ந்த பிறகு ஒரு முறை எடை போட்டேன். வித்தியாசம் 210 கிராம். ஒரு நாளைக்கு நான்கு முறை வெளியே போய் வருகிறோம். ஆகவே இப்போது மேசைமேல் விரித்திருக்கும் தாளில் கதவுக்கு முன்னால் ஒரு சின்ன முன்னறை வரைந்துகொண்டிருக்கிறேன், 90 சென்டிமீட்டர் ஆழம், பயணத்தில் மடித்துக்கொள்ளும் கேன்வாஸ் சுவர், தரையில் கம்பிச் சல்லடை. எடை 38 கிலோ வருகிறது. 30-க்குள் கொண்டுவர முடியுமா என்று அண்ணனைக் கேட்டிருக்கிறேன்.